நகரில் கலந்த மேனாம்பேடு

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



ஏதேனும் ஓர் ஊரைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தார்கள். பரிசு பெற்ற பஞ்சாயத்து எதனையும் நாம் எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் என்னும் தனிநிலையை இழந்துவிட்ட மேனாம்பேட்டைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

மேனாம்பேடு சென்னைக்கு மேற்கே, அம்பத்தூரை ஒட்டி, பட்டரவாக்கத்துக்கும் கருக்குக்கும் அண்மையில் உள்ளது. கோயம்பேடு, மப்பேடு என்று இப்பகுதியில் பேடு என முடியும் ஊர்ப்பெயர்கள் பல உண்டு. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னாட்டின் முதல் இரயில் இவ்வட்டாரத்தின் வழியே சென்றது. எனினும் உழவை மாற்றியது இரயில் அன்று, தொழிற்சாலையே. 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள் கம்பெனி அம்பத்தூரில் அமைந்தது. 1964இல் தொழிற்பேட்டை எழுந்தது. வேலை தேடி மக்கள் வந்தனர், வயல்கள் மனைகளாயின. இதில் வருந்துவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கூலிக்கு நாற்று நட்டவரின் மகன் ஆலையில் மாதச் சம்பளம் பெற்றதை நாமும் குறை சொல்லமாட்டோம்.

மேனாம்பேடு அம்பத்தூர் நகராட்சியின் ஒரு பகுதியாயிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நகராட்சியின் மக்கள்தொகை 4,66,205. அதே ஆண்டு அக்டோபரில் நகராட்சியும் மறைந்தது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் ஆகிய 42 அமைப்புகள் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகரம் 426 ஆயிற்று. மாவட்டமும் நிலைக்கவில்லை: செங்கற்பட்டு, 1997 முதல் திருவள்ளூர், 2018 முதல் சென்னை. வீடு நின்ற இடத்திலேயே நிற்க, முகவரி மட்டும் ஊர்விட்டு ஊர் போயிற்று!

சாலை, விளக்கு, குப்பை அகற்றல் ஆகியவற்றில் பெரிய அமைப்புக்குப் பணபலம் உண்டு. ஆனால் குறை கேட்க ஆள் வேண்டுமே? 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக மேனாம்பேட்டுக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லை. கிராமசபையோ நகரத்துக்கு உரியதன்று.

இந்தக் குறை தண்ணீரில்தான் நன்கு புலப்படும். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் இரட்டேரிக்கும் செல்லும். முதலிரண்டு ஏரிகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் இருப்பது மேனாம்பேடு. பாசனம் இருந்த காலத்தில் வாய்க்கால் அடைபட்டால் பயிர் வாடும். ஆகவே ஊரே மண்வெட்டியுடன் திரண்டது. பயிர் போனபின் வாய்க்காலுக்கு உடையவன் இல்லாமற்போயிற்று. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலந்ததை எதிர்த்து அப்பகுதி மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை செல்ல நேர்ந்தது. முன்னர் ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்த்திருக்கக்கூடிய காரியம் அது.

வேறு விதமாகவும் ஊர்கள் இணைவதுண்டு. ஸ்விட்சர்லாந்தில் கிளாரஸ் என்னும் மலைநாட்டில் 25 சிற்றூராட்சிகள் இருந்தன. அவற்றைப் பத்தாகக் குறைக்க அரசு கருதியது. 2006 மே மாதம் திறந்த வெளியில் கூடிய குடிமக்கள், ஒரு குடிமகனின் யோசனையை ஏற்று, மூன்றே போதும் என்று கையுயர்த்தித் தீர்மானித்தனர். எதிர்ப்பு எழவே 2007இல் மீண்டும் கூடி அதனையே உறுதி செய்தனர். பலகைக்கல் வெட்டிப் பிழைத்த எல்ம் என்னும் சிற்றூர் 2011 ஜனவரி முதல் நாளன்று தன் ஊராட்சியை இழந்தது. மேனாம்பேடு மாநகரில் கலந்ததும் அதே ஆண்டில்தான். எல்ம் மக்கள் அக்கூட்டத்தில் கையுயர்த்தலாம். இங்கே இணைப்பு அரசாணையால் வந்தது.

தமிழ்நாட்டில் பல ஊராட்சிகளை நகரங்களோடு சேர்க்கும் நடவடிக்கை 2025 தொடக்கத்திலும் எழுந்தது. ஊரக வேலைத்திட்டம் கைநழுவும் என்று பல ஊர் மக்கள் எதிர்த்தனர். இணைப்பு வருமோ வராதோ, உங்கள் ஏரியின் எல்லை, வரத்துக் கால்வாய், கலங்கல், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றின் சர்வே எண்களைக் கிராம நிர்வாக அலுவலரின் கணக்கோடு ஒத்துப் பார்த்து, கிராமசபைத் தீர்மானப் புத்தகத்தில் இப்போதே எழுதி வையுங்கள். அடுத்த கூட்டம் வரும்போது அந்தப் புத்தகத்தை உடன் கொண்டுவாருங்கள். ஒவ்வோர் ஊரின் பக்கத்தையும் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.