தட்டெழுத்தும் தாளின் ஒழுங்கும்



சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் உள்ளவை அந்தமான் நிக்கோபார்த் தீவுகள். 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி, இங்கு வாழ்வோரில் நூற்றுக்குப் பதினைவர் அளவினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். வணிகத்திற்கு வந்தோர், அரசுப் பணிக்கு வந்தோர், 1964-ஆம் ஆண்டுச் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கையின் பின் இலங்கையினின்று வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்தோர் எனப் பல திறத்தார் இவருள் உளர். சிறு தீவுகளிலிருந்து தலைநகருக்கு வரப் பெரும்பாலார்க்குக் கப்பலே வழி. தந்தையின் பணிமாற்றத்தாலோ, நோயினாலோ, தொலைவினாலோ பள்ளிப் படிப்பு இடையில் முறிந்தால், வீடே பள்ளியாகிவிடுகிறது.

அத்தகைய பிள்ளைகளுக்கு ஒரு நல்ல வழி உண்டு. 1989-இல் தேசியத் திறந்தவெளிப் பள்ளியாகத் தோன்றி, 2002-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் எனப் பெயர் மாறிய அமைப்பின் தேர்வுகளை, பதினான்கு வயது நிறைந்தோர் வீட்டிலிருந்தே படித்து எழுதலாம். அதன் பாடங்களுள் ‘தரவு உள்ளீட்டுப் பணிகள்’ என்பதும் ஒன்று. தட்டெழுதுதலும், ஆவணங்களை ஒழுங்குற அமைத்தலும் அதனைச் சேர்ந்தவை.

“தட்டெழுத்தா? அது குமாஸ்தாப் படிப்பு அன்றோ?” என்று சிலர் கேட்கக்கூடும். சிந்தித்துப் பாருங்கள். பள்ளியில் பயிலும் மாணவனைப் பற்றிச் சொல்ல ஆசிரியர் உண்டு. தலைமையாசிரியரின் நற்சான்று உண்டு. வீட்டில் பயிலும் பெண்ணுக்கோ, அவள் அனுப்பும் தாள் ஒன்றே தூது. அவளைக் காணாத அதிகாரி அந்தத் தாளைத்தான் காண்கிறார். தேதி இல்லாமலும், பொருள் குறிக்காமலும், வரிகள் கோணியும் வரும் விண்ணப்பம், எழுதியவரின் அறிவைப் பற்றி இல்லாத ஐயத்தை எழுப்பிவிடும். மொழிபெயர்ப்பாளனாக நாள்தோறும் பலருடைய தாள்களைப் படிப்பவன் என்ற முறையில் இதனைச் சொல்கிறேன்.

தமிழருக்குத் தட்டெழுத்து புதிதன்று. யாழ்ப்பாணத்தில் 1886-இல் பிறந்து, மலேயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா, நமது 247 எழுத்துகளையும் ஒரு சிறு பொறியின் விசைகளுக்குள் அடக்கும் வழியைக் கண்டார். பின்னர்த் தமிழ்நாட்டின் ஊர்தோறும் தட்டெழுத்துப் பயிலகங்கள் தோன்றின. அரசுத் தேர்வில் இளநிலை, முதுநிலை இரண்டிலும் இரு தாள்கள். ஒன்று வேகத்தைச் சோதிப்பது; மற்றொன்று கடிதமும் அட்டவணையும் அமைக்கும் திறத்தைச் சோதிப்பது. விரைந்து தட்டுவது பாதிக் கல்வியே என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இந்தியாவில் தட்டெழுத்துப் பொறிகளின் உற்பத்தி 2009-ஆம் ஆண்டளவில் நின்றுவிட்டது. ஆயினும் அந்தப் பாடத்திட்டத்தின் அறிவு பழுதாகவில்லை.

வீட்டில் இதனைக் கற்பிப்பது எங்ஙனம்? முதலாவது, விரல்கள். நடு வரிசையில் எட்டு விரல்களையும் இருத்துக. சுட்டுவிரல்கள் அமரும் இரு விசைகளிலும் சிறு மேடு இருக்கும். கண் காணாமலே விரல் தன் இடத்தை அறிதற்கே அது. கைகளின்மேல் ஒரு துணியைப் போர்த்திப் பழகச் செய்யலாம். பார்க்காமல் தட்டும் முறையின் வலிமையை உலகம் உணர்ந்தது 1888-இல். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் நடந்த போட்டியில், விசைகளைப் பாராது தட்டிய பிராங்க் மெகுரின், பார்த்துத் தட்டியவரை வென்றார். நாளொன்றுக்கு அரைமணி நேரம் போதும். ஞாயிறன்று மூன்று மணி நேரம் தட்டுவதினும் அதுவே மேல். பிழையின்மை முதலில், வேகம் தானே பின்தொடரும்.

வேகத்திற்கும் ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் கீழ்நிலை எழுத்தர் தேர்வில், ஆங்கிலத்தில் நிமிடத்திற்கு 35 சொற்கள், இந்தியில் 30 சொற்கள் தட்டவேண்டும். ஐந்து விசைத் தட்டல் ஒரு சொல். ஆகவே ஆங்கிலத்தில் மணிக்கு 10,500 தட்டல்கள். இந்த இலக்கைச் சுவரில் எழுதி வைத்து, வாரம் ஒருமுறை பத்து நிமிடம் அளந்து பார்க்கலாம்.

இரண்டாவது, தமிழ். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகையைக் கற்பியுங்கள். இதில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் வலப்புறமும் அமையும். ககரத்தைத் தட்டி ஒகரத்தைத் தட்டினால் ‘கொ’ பிறக்கும். மகரத்தை இருமுறை தட்டினால் முதல் மகரம் தானே புள்ளி பெறும். பிற மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகள் பலர் தமிழைப் பேசுவர், எழுதத் தயங்குவர். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆகும் இலக்கணத்தை இப்பலகை அவர்கள் விரல்களுக்கே உணர்த்திவிடும்.

மூன்றாவது, தாளின் ஒழுங்கு. நாற்புறமும் ஓரம் விடுக. பத்தி முடிந்தாலன்றி வரியை முறிக்கலாகாது. தலைப்பை நடுவில் வைக்க இடைவெளிகளை அடுக்காமல், அதற்கென உள்ள கட்டளையையே பயன்படுத்துக. காற்புள்ளி முந்தைய சொல்லை ஒட்டி நிற்கும். இடைவெளி அதன் பின்னரே வரும். எண்களின் அட்டவணையில் ஒன்றாம் இடம் ஒன்றாம் இடத்தின் கீழ் நேராக நிற்கவேண்டும்.

கடிதத்திற்குக் கடிதம் முறை வேறுபடும் என்பதையும் காட்டுக. மைய அரசின் அலுவல் கடிதம் “ஐயா” என விளித்துத் தொடங்கும். அலுவலகக் குறிப்பாணையிலோ விளியே இராது. அது படர்க்கையில் எழுதப்படும். இந்த வேற்றுமை வெறும் சடங்கன்று. யார் யாரிடம் எந்த உரிமையோடு பேசுகிறார் என்பதை அது காட்டுகிறது.

பயிற்சிக்குப் போலிப் பாடங்கள் வேண்டா. பாட்டியின் ஓய்வூதிய விண்ணப்பம், தெருக்குழாயில் நீர் வாராமை பற்றிய முறையீடு, மாத வரவுசெலவுக் கணக்கு ஆகியவற்றைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். அனுப்பிய கடிதத்திற்கு மறுமொழி வரும்போது, தன் எழுத்துக்குப் பயன் உண்டு என்பதை அப்பிள்ளை உணரும்.

பேசினாலே எழுதித் தரும் கருவிகள் வந்துவிட்டன, இனி இஃது எதற்கு என்பர். கருவி தந்ததைப் படித்துப் பிழை நீக்கிச் செப்பம் செய்யக் கையும் கண்ணும் வேண்டும். மேலும், இத்தீவுகளுக்குச் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பிவடம் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான் வந்தது. எட்டாத தீவுகள் இன்னும் பல. தட்டெழுத்துப் பயில இணையம் தேவையில்லை. பழைய கணிப்பொறி ஒன்று, அல்லது கைப்பேசியுடன் இணைத்த விசைப்பலகை ஒன்று போதும்.

எல்லாப் பிள்ளைகளும் எழுத்தர் ஆகவேண்டும் என்பது என் கருத்தன்று. மருத்துவராயினும், மீன் வணிகராயினும், தம் வழக்கைத் தாமே திருத்தமாக எழுதி முன்வைக்க வல்லவராதல் வேண்டும். பிறரிடம் காசு கொடுத்து மனு எழுதிய தலைமுறைகளின் பேரப்பிள்ளைகளுக்கு, அதுவே நாம் தரத்தக்க சீதனம்.