ஏட்டில் உள்ள சமத்துவம் கடைமடைக்கு எப்போது வரும்?

(கீழ்பென்னாத்தூரில் குடியரசு தினத்தன்று நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று காலை பள்ளிக்கூடத்திலும் தாலுகா ஆபீசிலும் கொடி ஏற்றினார்கள். நாமும் வணக்கம் செலுத்தினோம். அத்துடன் நம் வேலை முடிந்துவிடவில்லை. நாட்டை அமைத்தபோது கொடுத்த வாக்கு என்ன, அதில் நம் கைக்கு வந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டிய நாளும் இதுதான்.

1949 நவம்பர் 26-ந் தேதி அரசியல் நிர்ணய சபை அரசியல் சட்டத்தை ஏற்றது. நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முகப்பிலேயே எழுதினார்கள். அதற்கு முந்தின நாள் டாக்டர் அம்பேத்கர் அந்தச் சபையிலேயே எச்சரித்தார். ஓட்டில் சமத்துவம் வரும், வாழ்க்கையில் இருக்காது. இந்த முரண்பாட்டைச் சீக்கிரம் தீர்க்காவிட்டால் ஜனநாயகமே ஆபத்துக்குள்ளாகும் என்பது அவர் பேச்சின் சாரம்.

ஓட்டு வந்தது உண்மை. வெள்ளைக்காரன் காலத்தில் சொத்தும் வரியும் படிப்பும் பார்த்து ஓட்டுக் கொடுத்தார்கள். இன்று மிராசுதாருக்கும் ஒரு ஓட்டு, கூலியாளுக்கும் ஒரு ஓட்டு. இது சிறிய வெற்றியல்ல.

மற்றவை என்ன ஆயின? தீண்டாமை ஒழிந்தது என்கிறது 17-வது பிரிவு. 1947-லேயே சென்னை ராஜ்யத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் நம் திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில், அறநிலையத் துறையின் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் காலெடுத்து வைத்தது 2023 ஜனவரி 30-ந் தேதி. அதுவும் கலெக்டரும் போலீசும் கூட வந்த பிறகு! அரசியல் சட்டம் அமுலுக்கு வந்து 73 ஆண்டும் 4 நாளும் ஆகியிருந்தன. அந்தப் படியை ஏற எத்தனை தலைமுறை காத்திருந்தது, தோழர்களே!

நீதி என்ன ஆயிற்று? 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973-ல் சென்னை ஹைகோர்ட் மிராசுதார்களை விடுதலை செய்தது. பணக்காரர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை அதனால் நம்ப முடியவில்லை! வெந்தவர்களின் ஏழ்மைக்கு அப்படி ஒரு சலுகை கிடைத்ததா?

சம வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி என்கிறது 39-வது பிரிவு. அதைக் கோர்ட்டில் கேட்டு வாங்க முடியாது என்கிறது 37-வது பிரிவு. மல்லாட்டை பிடுங்கும் கொல்லையில் ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில்தான் குனிகிறோம். மாலையில் கூலி எண்ணும்போது மட்டும் இரண்டு கணக்கு.

அப்படியானால் சட்டம் வெறும் காகிதமா? அப்படிச் சொல்ல மாட்டோம். அந்த எழுத்து இல்லாதிருந்தால் தென்முடியனூர் மக்கள் எதைக் காட்டி உரிமை கேட்டிருப்பார்கள்? ஏரியில் தண்ணீர் நிற்பதால் மட்டும் கடைமடை நனைந்துவிடாது. மதகைத் திறக்க வேண்டும், கால்வாயைத் தூர் வார வேண்டும், நடுவில் மடக்கிக்கொள்பவனைத் தட்டிக் கேட்க வேண்டும். தனி ஆளால் ஆகாது. ஊர் கூடினால் ஆகும்.

ஆலையில் உழைப்பவரும் வயலில் உழைப்பவரும் ஒன்றாக நின்று கேட்போம். அடுத்த கொடியேற்றத்துக்குள் நம் ஊரில் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்றாவது ஆக்கிக் காட்டுவோம்!