அம்மாயி விழுந்த அன்று மணி என்ன செய்தது?

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று பேசுவார் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் ஒரு நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் பெயர் மணி. பூனாகலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து இஸ்தோப்பில் படுத்துக் கிடந்த செவலை நாய். காலையில் நான் பாடசாலை பஸ் ஏறும் வரை ரோட்டில் நிற்கும். பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்பும்.

1992ஆம் ஆண்டு. நான் ஏழாம் வகுப்பு. ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தபோது அம்மாயி இல்லை. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு இன்னும் வரவில்லை. அடுப்பு அணைந்திருந்தது. மணியையும் காணவில்லை. விறகு பொறுக்கப் போயிருப்பார் என்று இருந்துவிட்டேன். இருட்டியது, பனி இறங்கியது, பிறகுதான் பயம் வந்தது. மாமாவும் லயத்து ஆட்களும் டோர்ச் எடுத்துக்கொண்டு தேடிப் போனார்கள். லயத்துக்குக் கீழே கான் ஓரமாக, வழுக்கிய இடத்திலேயே அம்மாயி கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. விழுந்து ஐந்து மணித்தியாலம் ஆகியிருந்தது. மணி அவர் வயிற்றோடு ஒட்டிப் படுத்திருந்தது.

அம்மாயியைத் தூக்க மாமா கையை நீட்டியதும் மணி அவர் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. மாமாவுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "இம்புட்டு நேரம் பக்கத்துல படுத்துக்கெடந்த நாய்க்கு, நாலு எட்டு ஓடிவந்து ஒரு சத்தம் போடத் தெரியல. தூக்க வந்தவனக் கடிக்க மட்டும் தெரியுது" என்றார். எனக்கும் அதே கோபம்தான். பாடப் புத்தகத்தில் எஜமானைக் காப்பாற்றிய நாயின் கதையை அப்போதுதான் படித்திருந்தேன். நம் மணி ஏன் அப்படிச் செய்யவில்லை? அன்றிரவு நான் அதற்குச் சோறு வைக்கவில்லை. இதை இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. 2006இல் கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் மக்பர்சன், ரொபர்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதே கேள்வியைச் சோதித்துப் பார்த்தார்கள். நாயை நடத்திக்கொண்டு போகும் உரிமையாளர் திறந்த வெளியில் மாரடைப்பு வந்தவர்போல் விழுந்து அசையாமல் கிடந்தார். கொஞ்சத் தூரத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். எந்த நாயும் அவரிடம் போய் உதவி கேட்கவில்லை. இன்னொரு சோதனையில் புத்தக அலுமாரி ஒன்று உரிமையாளர் மேல் விழுந்ததுபோல் காட்டினார்கள். உதவிக்கு ஆளைக் கூட்டி வா என்று அவர் நாயிடம் சொல்லியும் பார்த்தார். அங்கும் அதே முடிவுதான். அது நடிப்பு என்பதை நாய்கள் மோப்பத்தால் அறிந்திருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் எங்கள் அம்மாயி நடிக்கவில்லை. மணியும் அதையேதான் செய்தது.

அப்படியென்றால் நாய்க்கு நம் வேதனை உறைக்கவில்லையா? உறைக்கிறது. 2012இல் இலண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் 18 நாய்களின் முன்னால் ஒருவர் அழுவதுபோல் பாவனை செய்தபோது 15 நாய்கள் அவரிடம் வந்தன. அழுதவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் வந்தன. 2020இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார், உரிமையாளரைப் பெரிய பெட்டிக்குள் உட்காரவைத்து உதவி கேட்டு அழச் சொன்னார்கள். பெட்டியின் கதவை நாயால் தள்ளித் திறக்க முடியும். 60 நாய்களில் 20 திறந்தன. மூன்றில் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் அதே பெட்டிக்குள் சாப்பாட்டை வைத்தபோது திறந்தவை 19தான். சாப்பாட்டுக்காகத் திறந்த அந்த 19 நாய்களில் 16 தம் உரிமையாளருக்காகவும் திறந்தன. அதாவது, கதவைத் திறக்கும் விதம் தெரிந்த நாய்களில் பெரும்பாலானவை உதவிக்கு வந்தன. மற்றவற்றில் பலவற்றுக்கு மனம் இருந்தும் வழி தெரியாமல் இருந்திருக்கலாம்.

2018இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு என் மனதை அதிகம் தொட்டது. கதவுக்குப் பின்னால் உரிமையாளர் அழும்போது விரைந்து திறந்துபோன நாய்கள் ஓரளவு அமைதியாக இருந்தவை. சில நாய்கள் பதற்றம் மிகுந்து, எதுவும் செய்யத் தோன்றாமல் நின்றுவிட்டன. இதைப் படித்தபோது எனக்கு விபத்துப் பிரிவு வாசலில் நிற்கும் உறவினர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஓடியாடி வேலை செய்பவர்களும் உண்டு. பாசம் மிகுந்து கைகால் ஓடாமல் சுவரோடு நிற்பவர்களும் உண்டு. அவர்களை நாம் பாசமற்றவர்கள் என்று சொல்வதில்லையே.

அக்காமாரே, மலைநாட்டுப் பிள்ளைகளான நமக்கு விழுவது என்றால் ஆள் விழுவது மட்டுமல்ல. மலையே விழும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மண் போனதை நாம் மறக்க முடியாது. 2023 மார்ச்சில் எங்கள் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்தது. 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு கேரளாவின் மூணாறுக்கு அருகே ராஜமலை பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்கள் மண்ணுக்குள் போயின. இறந்த 70 பேரில் பெரும்பாலானோர் தமிழ்நாட்டிலிருந்து அங்கே போய்க் கொழுந்து பறித்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அதாவது, கடல் தாண்டாத நம் உறவுகள்.

அங்கே குவி என்றொரு நாய் இருந்தது. மீட்புப் படையினர் நாட்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தபோது, யாரும் ஏவாமலே ஆற்றோரம் போய் ஒரு பாலத்தருகே நின்றது. அங்கேதான் அது விளையாடிப் பழகிய இரண்டு வயதுக் குழந்தையின் உடல் கிடைத்தது. பிறகு அது சாப்பிடாமல் சோர்ந்து கிடந்ததாகச் செய்திகள் வந்தன. காவல்துறையின் நாய்ப் பயிற்சியாளர் ஒருவர் அதை எடுத்துப் பராமரித்தார். சில மாதங்களின் பின் குடும்பத்தில் எஞ்சியிருந்த பாட்டியிடமே அது திரும்பிச் சேர்ந்தது. குவி பயிற்சி பெற்ற நாய் அல்ல. தன் ஆளைத் தேடிப் போனது, அவ்வளவுதான். மணி தன் ஆளை விட்டு நகரவில்லை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே என்று நான் நினைக்கிறேன்.

இனி வைத்தியராகச் சில வார்த்தைகள்.

இன்று நம்மில் பலர் கொழும்பில், கனடாவில், இலண்டனில், கோத்தகிரியில், கூடலூரில் இருக்கிறோம். அம்மா, அப்பா தோட்டத்தில் தனியாக. "நாய் இருக்குது, பயமில்ல" என்று அவர்கள் சொல்வார்கள். நாமும் நம்பிவிடுகிறோம். திருடனைக் கண்டால் அது குரைக்கும், உண்மைதான். ஆனால் அம்மா குளியலறையில் விழுந்தால் அது பக்கத்து வீட்டுக்கு ஓடும் என்று நம்பி இருக்காதீர்கள். வயதானவர் குளிர் நிலத்தில் மணித்தியாலக்கணக்கில் கிடந்தால், முறிவோடு வேறு ஆபத்துகளும் சேர்கின்றன. உடல் சூடு இறங்கும். நீர் வற்றும். அழுந்திய தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். எனவே நாய் இருந்தாலும், தினமும் காலையும் மாலையும் எட்டிப் பார்க்க ஒரு மனிதர் வேண்டும். பக்கத்துக் காம்பராவில் யாரிடமாவது கேட்டு ஒழுங்கு செய்யுங்கள். கைத்தொலைபேசியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பழக்குங்கள். அம்பியூலன்சுக்கு 1990 என்ற இலக்கத்தைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

விழுந்தவரின் ஒரு கால் மற்றதை விடக் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தால், அது இடுப்பு முறிவாக இருக்கலாம். எழுப்பி நடக்க வைக்காதீர்கள். எண்ணெய் போட்டு உருவாதீர்கள். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் தேத்தண்ணி கொடுக்காதீர்கள். கம்பளியால் மூடி, ஆள் வரும்வரை பக்கத்தில் இருங்கள்.

விழுந்தவர் பக்கத்தில் நாய் இருந்தால், அது எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும் நேரே குனிந்து கை நீட்டாதீர்கள். அது பயந்துபோய் இருக்கிறது, காவலுக்கும் நிற்கிறது. வீட்டு ஆள் ஒருவர் பக்கவாட்டில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதைக் கட்டட்டும். அதன் பிறகு தூக்குங்கள். எங்கள் மாமாவுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

கடித்துவிட்டால், பிறாண்டினாலும் கூட, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ கோப்பித்தூளோ வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "நம்ம நாய்தானே" என்று இருந்துவிடாதீர்கள். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் எங்களால் ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடிவதில்லை. அதற்கு முன் வந்தால் தடுப்பூசியால் காப்பாற்றலாம். நாய்க்கும் வருடாவருடம் ஊசி போடுங்கள். மாமா அந்தக் காலத்து வயிற்று ஊசிகளைப் போட்டுக்கொண்டு பிழைத்தார். மணிக்கு நோய் இருக்கவில்லை. ஆனால் அது அன்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. நாய்க்கு வழி கற்றுக்கொடுக்கலாம். வீட்டிலிருந்து ஒருவர் "அக்காகிட்ட போ" என்று சொல்ல, பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டு ஒரு துண்டு ரொட்டி கொடுக்கட்டும். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. பல நாள் பழகினால் ஒருநாள் உதவக்கூடும். அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அம்மாயி அதன் பிறகு கம்பு ஊன்றித்தான் நடந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நான் மணியைத் திட்டிக்கொண்டிருந்தேன். கட்டிலில் இருந்தபடியே கூப்பிட்டார். "அத ஏன்டி வையிற? நான் கத்திக் கத்திப் பாத்தேன், ஒருத்தருக்கும் கேக்கல. கண்ண மூடுனா இது மூஞ்ச நக்கும். அது படுத்திருந்த பக்கம் மட்டும் எனக்குக் குளுரல. நீங்க டோர்ச்சோட எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டப்ப, எனக்குக் கொரல் வரல. சத்தம் போட்டது யாரு?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இருட்டில் மாமா கானுக்கு மேல் பக்கம் தேடிப் போய்க்கொண்டிருந்தார். கீழேயிருந்து ஒரு முனகல் கேட்டுத்தான் திரும்பினார். அது மணியின் முனகல்.

அன்றைக்கு நான் ஓடிப்போய் மணியைக் கட்டிப்பிடித்து அழுதேன் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. என் பங்கு ரொட்டியில் பாதியைப் பிய்த்து இஸ்தோப்பில் வைத்தேன். அது சாப்பிட்டது. மறுநாள் காலை வழக்கம்போல் பஸ் வரை வந்து நின்றது.

நாய் செய்யக்கூடியதை நாய் செய்தது. பாடசாலை விட்டு வந்தவுடன் அம்மாயியைத் தேடிப் போயிருக்க வேண்டியவள் நான். எத்தனையோ நோயாளிகளைப் பார்த்த பிறகும் இந்த எண்ணம் என்னை விடவில்லை. அதனால்தான் இன்று இதைப் பேசினேன். விழா முடிந்து வீட்டுக்குப் போனதும், ஊரில் தனியாக இருக்கும் உங்கள் பெரியவருக்கு ஒரு கோல் எடுங்கள். அவரை நாளைக் காலை யார் எட்டிப் பார்ப்பார் என்று கேளுங்கள். பதில் நாயின் பெயராக இருந்தால், ஒரு மனிதரின் பெயரையும் அதோடு சேர்த்துவிடுங்கள்.