மாலை கழற்றிய மறுநாள்

நாகூர் தாண்டினால் வாஞ்சூர், காரைக்கால் எல்லை. வரிசையாக மதுக்கடைகள். அந்தச் சாலையிலேயே, கார்த்திகை பிறந்ததும் விரதத்துக்காகத் துளசி மாலை போட்டு, 41 நாள் குடியைத் தொடாதவர்களும் நடக்கிறார்கள். அந்த வைராக்கியம் சாதாரணமானதல்ல. மாலையைக் கழற்றிய மறுநாள்தான் கண்டம்.

அந்த நாளில் கைகொடுப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயில் விழுந்த இருவர் தொடங்கியது. 12 படிகள். கடவுள் யார் என்பது அவரவர் நம்பிக்கை. கட்டணம் கிடையாது. கூட்டத்தில், டீ டம்ளர் கையில் நடுங்க ஒருவர் பேசுவார். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். இன்று ஒரு நாள் குடிக்க மாட்டேன், அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் பல வருஷம் குடித்த உடம்பு, திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். அரசின் இலவச உதவி எண் 14446. வீட்டில் யாருக்காவது தேவையென்றால் இன்றே அழையுங்கள்.