பாப்புலரும் பட்டறை வெங்காயமும்

கையில் கரும்போடு நிற்கிற முருகனின் மலையடியில் கூடியிருக்கும் செட்டிகுளத்துப் பெருமக்களே!

எனக்குத் தந்திருக்கிற தலைப்பு 'பாப்புலர்'. லத்தீனில் 'பாப்புலஸ்' என்றால் மக்கள். ஆக, பாப்புலர் என்றால் முதலில் மக்களுடையது. மக்களுக்குப் பிடித்தது என்பதெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்ட அர்த்தம். இன்னொன்றும் உண்டு, கேளுங்கள்: மலிவு! இங்கிலீஷ்காரன் 'பாப்புலர் விலை' என்று எழுதினால் கையைக் கடிக்காத விலை.

மூன்று அர்த்தமும் ஒரே பொருளில் அடங்குமா? அடங்கும் ஐயா! உங்கள் சேமிப்புப் பட்டறையில் கிடக்கிறதே, சின்ன வெங்காயம்! கைதட்டுங்கள், எனக்கில்லை, அதற்கு! தமிழ்நாட்டிலேயே சின்ன வெங்காயத்துக்கு முன்னால் நிற்கிற மாவட்டம் நம் பெரம்பலூர். அது இல்லாத சாம்பாரைத் தொடமாட்டேன் என்கிறான் பட்டணத்தான். ஆனால் பாருங்கள், 'பிடித்தது' என்ற அர்த்தம் அவன் அடுப்படிக்குப் போய்விட்டது. 'மலிவு' மட்டும் உங்கள் களத்துமேட்டில் நிற்கிறது! திருகல் நோய்க்குத் தப்பி, மழைக்குத் தப்பி, பட்டறை போட்டுக் காத்து வைத்தால், வியாபாரி ஒன்றைக் கையிலெடுத்து உதட்டைப் பிதுக்குவார். அந்த உதட்டுக்கு எந்த அகராதியில் அர்த்தம்?

பாப்புலர் ஆகத் துடிக்கிற சிலரும் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் பாப்புலர் ஆகிவிடுவார்கள்! காதுகுத்துக்கும் ஃபிளெக்ஸ், கருமாதிக்கும் ஃபிளெக்ஸ். செத்தவர் படம் தபால்தலை அளவு. இரங்கல் சொல்கிறவர் ஆளுயரத்துக்குச் சிரிக்கிறார்!

எங்கே விட்டேன்? ஆங், பாப்புலர் என்றால் மக்களுடையது. மக்கள் போடுகிற ஓட்டும் பாப்புலர் ஓட்டுதான். ஒருவர் இருந்தார். கதர்ச் சட்டை, கறுத்த மேனி. பேர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். படிக்க வந்த பிள்ளை பசியில் சுருளக் கூடாது என்று 1956-ல் பள்ளிக்கூடத்தில் சோறு போட்டவர். அவரை, 1967-ல், சொந்த ஊர் விருதுநகரில், ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்க வைத்தோம். அவரைவிட மக்களுடையவர் யார்? அன்றைக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்! 1969-ல் நாகர்கோவில்காரர்கள் அவரை அள்ளி எடுத்துக்கொண்டார்கள். விருதுநகரை நினைத்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது.

அவைத் தலைவர் மணியடிக்கிறார். பின்வரிசைப் பெரியவர் ஒருவர், "அர்த்தமெல்லாம் இருக்கட்டும் தம்பி, நாளைக்கு வெங்காயம் என்ன விலை போகும்?" என்கிறார். அதைத்தான் ஐயா அகராதியில் காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்!