தோல் கைவேலை: உங்கள் நேரத்துக்கும் விலை போடுங்கள்

(நமது நலச்சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் சிலர் பொழுதுபோக்காகத் தோலில் பர்ஸ், பெல்ட், சாவிக்கொத்து செய்கிறார்கள். பரிசாக வாங்கியவர்கள் எல்லோரும் கேட்பது, "இதை விற்கலாமே?" என்பதுதான். விற்கலாம். ஆனால் கணக்குப் போட்டு விற்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

பொழுதுபோக்கு தொழிலானதற்குப் பெரிய உதாரணம் புதுச்சேரியில் இருக்கிறது. 1978-ல் திலீப் கபூர் அங்கே இரண்டு பேர் கொண்ட பட்டறையாக, ஆசைக்காகத் தொடங்கியதுதான் இன்றைய ஹைடிசைன். தாவரப் பட்டைகளால் பதனிட்ட தோலும் கைவேலையுமே அதன் அடையாளம்.

அந்த வகைத் தோல் நமக்கும் தூரமில்லை. ஆவாரம்பட்டை போன்றவற்றால் தோல் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய தொழில். திண்டுக்கல், திருச்சி பக்கம் தயாராகும் 'ஈஸ்ட் இந்தியா லெதர்' புவிசார் குறியீடு பெற்றது. பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பாக இருக்கும். ஓரத்தைத் தேய்த்து மெருகேற்றலாம். பெல்ட்டுக்கும் பர்ஸுக்கும் ஏற்றது. குரோம் முறையில் பதனிட்டது மென்மையானது. மடிந்து தொங்கும் பைகளுக்கு நல்லது. வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

"மெஷினில் இரண்டு நிமிட வேலையை ஏன் கையில் தைக்கிறீர்கள்?" என்று நம் ஊரில் கட்டாயம் கேட்பார்கள். மெஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் கோத்துக்கொள்கின்றன. ஒன்று அறுந்தால் அடுத்தடுத்த தையலும் தளரும். கைத்தையலில் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராக இழுக்கிறோம். ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றவை பிடித்து நிற்கும். வாங்குபவரிடம் இதை விளக்குங்கள். அவர் காசு கொடுப்பது இதற்குத்தான்.

இப்போது விலைக்கு வருவோம். பனியன் கம்பெனியில் ஒரு டி-சர்ட்டுக்குக் காஸ்டிங் போடும்போது நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், பேக்கிங் எல்லாம் தனித்தனியாக வரும். தையல் கூலியை யாராவது விட்டுவிடுவார்களா? வீட்டில் செய்யும்போது மட்டும் விட்டுவிடுகிறோம்.

உதாரணத்துக்கு ஒரு பர்ஸ். தோல், நூல், பட்டன், அட்டைப்பெட்டி 250 ரூபாய். வீணாகும் தோல், கருவித் தேய்மானம் 50. மூன்று மணி நேர வேலை, மணிக்கு 100 வீதம் 300. அடக்கமே 600. இதை 400-க்கு விற்றால் உங்கள் மூன்று மணி நேரத்துக்கு மிஞ்சுவது 100 ரூபாய். கடைக்காரர் கால் பங்கு கமிஷன் கேட்டால், 800 விலை வைத்தால்தான் அந்த 600 கைக்கு வரும்.

"வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே" என்பார்கள், குறிப்பாகப் பெண்களிடம். அதை ஏற்காதீர்கள். நாளைக்குக் கல்யாணத்துக்கு 50 பர்ஸ் ஆர்டர் வந்தால் துணைக்கு ஒருவரைக் கூப்பிட வேண்டும். உங்கள் கூலியே சேராத விலையில் அவருக்கு எங்கிருந்து கூலி கொடுப்பீர்கள்?

நான்கு நடைமுறை விஷயங்கள்:

1. துளை போடும் சுத்தியல் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கும். கனமான ரப்பர் விரிப்பு போடுங்கள். மதியத்திலும் இரவிலும் வேண்டாம்.

2. சொல்யூஷன் தீப்பிடிக்கும். பால்கனியில், அடுப்பிலிருந்து தள்ளி வைத்துப் பயன்படுத்துங்கள். பெரிய டின்கள் வாங்கி அடுக்காதீர்கள்.

3. உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். யாருக்கும் பணம் தர வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் நேரடியாகப் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆன்லைனில் விற்கும் முன் ஆடிட்டரைக் கேளுங்கள்.

4. கைவினைஞர்களுக்கான கடன், மானியத் திட்டங்களில் உங்கள் வேலை வருமா என்று திருப்பூர் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். முறையாகக் கற்க, சென்னை அடையாற்றில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் என்னென்ன பயிற்சிகள் உண்டு என்று கேட்கலாம்.

முதல் பத்துப் பொருளுக்கு ஒரு நோட்டில் நேரத்தைக் குறித்து வையுங்கள். விலையை அந்த நோட்டே சொல்லும். அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லையென்றால் பொழுதுபோக்காகவே தொடருங்கள்; அதில் குறைவொன்றும் இல்லை.