பிணக்கும் இணக்கமும்: ஆலயம் காக்க வேண்டிய நடுநிலை

(திருவிழாவையொட்டிப் பெக்கான் நானாசில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பெக்கான் நானாஸ் என்னும் ஊர்ப் பெயரிலேயே அன்னாசி இருக்கிறது. பொந்தியான் மாவட்டத்தின் கரிச் சதுப்பு மண்ணில் அன்னாசி செழித்து வளர்கிறது. அம்மண்ணில் பயிரிடுவோர் ஓர் உண்மையை நன்கறிவர். வறட்சிக் காலத்தில் தீப்பற்றினால், மேலே தண்ணீர் ஊற்றியதும் சுடர் அடங்கிவிடும். ஆனால் மண்ணுக்கடியில் கனல் புகைந்துகொண்டே இருக்கும். சில நாள்கள் கழித்து வேறோர் இடத்தில் தீ மீண்டும் தலைகாட்டும்.

மனிதரிடையே எழும் பிணக்கும் அத்தகையதே. "பெரியவர் சொல்லிவிட்டார், இனி யாரும் பேசக்கூடாது" என்று அடக்கப்பட்ட பிணக்கு தீர்ந்த பிணக்கு அன்று. அது அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழும். அல்லது தேர் புறப்படும் வேளையில் எழும். பிணக்கே தோன்றாத குடும்பமும் இல்லை, சங்கமும் இல்லை. பிணக்கை எந்த முறையில் தீர்ப்பது என்பதே சிந்திக்கத்தக்கது.

அந்நாளில் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த முன்னோர், தங்கள் சச்சரவுகளைத் தோட்டப் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டனர். அதில் நன்மைகள் பல இருந்தன. செலவில்லை, அலைச்சலில்லை, தாய்மொழியிலேயே பேசலாம். ஆயினும் ஒரு குறையும் இருந்தது. பல இடங்களில் கங்காணியே பெரிய மனிதர். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு பெற்றவர் அவர். தொழிலாளி தோட்டத்தை விட்டுப் போனால் நட்டம் அவருக்கே. அப்படிப்பட்ட ஒருவர் தொழிலாளியின் முறையீட்டைக் கேட்கும்போது, அவர் எவ்வளவு நல்லவராயினும் தராசின் ஒரு தட்டு சற்றே தாழத்தான் செய்யும். வள்ளுவர் நடுவு நிலைமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தது இதனாலன்றோ! நடுவராக அமர்பவருக்கு அந்த வழக்கில் எவ்வித ஆதாயமும் இருத்தலாகாது. இதுவே முதல் விதி.

இரண்டாவது விதியைப் பெரிய புராணத்திலேயே காணலாம். புத்தூரில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு முதியவர் ஒருவர் வந்து, "இவன் என் அடிமை" என்று ஓலை காட்டினார். சுந்தரர் சினந்து அவ்வோலையைக் கிழித்தெறிந்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. ஒருபுறம் அரச குடும்பத்தில் வளர்ந்த மணமகன். மறுபுறம் யாரென்றே தெரியாத முதியவர். அவையோர் ஆள் பார்த்துப் பேசவில்லை. சான்று கேட்டனர். மூல ஓலையை வாங்கிப் படித்தனர். சுந்தரருடைய பாட்டனாரின் வேறோர் எழுத்தை வரவழைத்து, இரண்டையும் ஒப்பு நோக்கினர். அதன் பின்னரே முடிவு கூறினர். முடிவு தமக்கு எதிராக இருந்தும் சுந்தரர் அதற்கு உடன்பட்டார். வந்தவர் இறைவனே என்பது பின்னரே தெரிந்தது. பாதகமான முடிவையும் ஒருவர் ஏற்கிறார் என்றால், விசாரணை வெளிப்படையாக நடந்தது என்பதே காரணம்.

திருவெண்ணெய்நல்லூர் அவை தீர்ப்பு வழங்கியது. தீர்ப்பு வழங்காமலே பிணக்கைத் தீர்க்கும் வழியும் உண்டு. அதுவே சமரசம். நீதிபதி, "யார் சொல்வது சரி?" என்று கேட்பார். சமரசம் செய்பவரோ, "உங்களுக்கு இது ஏன் வேண்டும்?" என்று கேட்பார்.

ஓர் எடுத்துக்காட்டு. ஓர் ஆலயத்தில் சனிக்கிழமை இரவு உபயம் தங்களுக்கே வேண்டும் என்று இரு குடும்பத்தார் வாதிடுவதாக வைத்துக்கொள்ளலாம். வாக்கெடுப்பு நடத்தினால் ஒருவர் வெல்வார். மற்றவர் ஆலயத்தை விட்டே விலகுவார். தனித்தனியே அமர்ந்து காரணம் கேட்டால் என்ன தெரியவரும்? முதல் குடும்பத்தின் பாட்டனார் அவ்வுபயத்தைத் தொடங்கியவர். அவர் பெயர் மறைந்துவிடக் கூடாது என்பதே அவர்களின் கவலை. இரண்டாம் குடும்பத்தின் பிள்ளைகளோ சிங்கப்பூரில் வேலை செய்கின்றனர். வார இறுதியில் மட்டுமே அவர்களால் வர இயலும். முதல் குடும்பத்திற்குக் கொடியேற்ற நாள் உபயமும், அழைப்பிதழில் பாட்டனாரின் பெயரும், முதல் மரியாதையும் கிடைத்தால் சனிக்கிழமையை அவர்களே மனமுவந்து விட்டுக்கொடுக்கக்கூடும். இருவர் கேட்டதும் ஒரே நாளைத்தான். ஆனால் அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒன்றன்று. கேட்பதற்கும் தேவைக்கும் உள்ள இவ்வேறுபாட்டைக் கண்டறிவதே சமரசம் செய்பவரின் தலையாய பணி.

மலேசியாவில் இதற்கெனவே 2012ஆம் ஆண்டில் சமரசச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் சாரம் எளியது. இரு தரப்பாரும் விரும்பி வர வேண்டும். சமரசம் செய்பவர் இரு தரப்பாரையும் சேர்த்தும் சந்திக்கலாம், தனித்தனியாகவும் சந்திக்கலாம். அங்குப் பேசியது வெளியே போகக் கூடாது. உடன்பாடு ஏற்பட்டால் அதை எழுத்தில் வடித்துக் கையொப்பமிட வேண்டும். சாப்பாட்டுக் கடையில் பேசி, கைகுலுக்கிப் பிரிந்த உடன்பாடுகள் எத்தனையோ மறுமாதமே முறிந்ததற்குக் காரணம், அவை எழுதப்படாததே.

சாதாரண மக்களுக்குப் பயன்படும் வேறு வாயில்களும் உண்டு. கடைக்காரரோடு ஏற்படும் வழக்கைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்திற்குக் கொண்டு செல்லலாம். 1999இல் செயல்படத் தொடங்கிய அத்தீர்ப்பாயம் இன்று 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. பொதுவாக வழக்கறிஞர் இல்லாமலே அங்கு வாதாடலாம். முஸ்லிம் அல்லாதாருக்கான திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி, கணவன் மனைவியருள் ஒருவர் மட்டும் மணமுறிவு கோரினால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, வழக்கு முதலில் சமரசக் குழுவுக்குச் செல்ல வேண்டும். வேலையிலிருந்து நியாயமின்றி நீக்கப்பட்டவர் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிட்டால், அங்கும் முதலில் நடப்பது சமரசப் பேச்சே.

ஆயினும் எல்லாவற்றையும் சமரசத்திற்குக் கொண்டுவருதல் ஆகாது. மனைவியை அடிப்பவரையும் அடிபட்டவரையும் ஒரே மேசையில் அமர்த்தி, "விட்டுக்கொடுத்துப் போங்கள்" என்பது நடுநிலை அன்று. அநீதிக்குத் துணை போதலாகும். அவ்வாறு துன்புறுவோரைக் காக்கவே 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உள்ளது. உண்டியல் பணம் களவு போனாலும் செல்ல வேண்டிய இடம் காவல் நிலையமே. அச்சத்தில் இருப்பவர் தரும் சம்மதம் சம்மதமாகாது.

இனி ஆலயத்திற்கு வருவோம். பதிவு பெற்ற சங்கமாக இயங்கும் ஆலயங்களில் நிர்வாகம் இரண்டாகப் பிரிந்து, முறையான பொறுப்பாளர்கள் யார் என்பதே தெரியாத நிலை ஏற்பட்டால், பிணக்கு தீர்ந்ததற்கான சான்றை ஒரு மாதத்திற்குள் காட்டுமாறு பதிவதிகாரி கட்டளையிடலாம். 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. அக்கட்டளை நிறைவேறாவிடில் சங்கத்தின் பதிவுக்கே ஆபத்து நேரும். தலைமுறைகள் கட்டிக் காத்த ஆலயம், சிலருடைய பிடிவாதத்தால் அந்நிலைக்கு வருவது எவ்வளவு பெரிய இழப்பு! அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பெரியவர்கள் சன்னிதியில் நின்று கூச்சலிடுவதைப் பார்த்த பிள்ளைகள், மறுபடியும் அங்கு வருவதில்லை.

நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட, வருமுன் காத்தல் நன்று. பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபையினர் வாரியத் தேர்தல் விதிகளைக் கல்லிலேயே பொறித்தனர். பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் பதவிக்கு வர அவ்விதிகள் இடந்தரவில்லை. சண்டை மூளும் முன்பே விதி எழுதப்பட்டிருந்ததால், அது எவரையும் குறி வைத்து எழுதியது என்று சொல்ல இயலாது.

இன்றைய ஆலயங்களும் மூன்று செயல்களைச் செய்யலாம். உபய வரிசையையும் மரியாதை முறையையும் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். வரவு செலவைக் கேட்பதற்கு முன்பே காட்டலாம். நிர்வாகத்தில் இல்லாத, இரு தரப்பாரும் மதிக்கும் மூவரை, பெண் ஒருவர் உட்பட, அமைதிக் காலத்திலேயே சமரசக் குழுவாகத் தேர்ந்தெடுத்து வைக்கலாம். அம்மூவருள் ஒருவருக்கு வழக்கில் உறவோ ஆதாயமோ இருந்தால், அவர் தாமே விலகி நிற்க வேண்டும்.

தேரின் வடத்தை இருபுறமும் நின்று இழுக்கின்றனர். இருபுறத்தாரும் ஒருவரையொருவர் எதிர்த்து இழுத்தால் தேர் நகராது. ஒரே திசையில் இழுத்தால்தான் அது வீதி வலம் வந்து நிலைக்குச் சேரும். பெக்கான் நானாஸ் வட்டார மக்கள் அவ்வாறே ஒன்றுபட்டு நிற்க இறையருள் துணை புரிவதாக.